குப்பை கூட்டும் கலெக்டரைப் படைத்த மேதை!

கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அதில் நாலு பொத்தான்கள், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு படம். வேலை முடிந்ததும் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டுகிறோம். ஜன்னல் மறைந்துவிடுகிறது.

மறைந்த ஜன்னல் எங்கே போயிற்று?

கண்ணுக்குத்தான் அது மறைந்தது. யந்திரத்தின் உள்ளே, நினைவகம் என்னும் இடத்தில், அந்த ஜன்னலும் பொத்தான்களும் பட்டியலும் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. கல்யாணம் முடிந்த பிறகு பந்தலில் கிடக்கும் இலைகளைப் போல!

யாராவது அவற்றை எடுத்துப் போட்டால்தான் அடுத்த பந்திக்கு இடம் கிடைக்கும்.

ஜாவா, சி ஷார்ப் போன்ற கம்ப்யூட்டர் மொழிகளில் இதற்கென்றே ஒரு வேலையாள் இருக்கிறான். அவன் பெயர் "கார்பேஜ் கலெக்டர்". கலெக்டர் என்றதும் ஜில்லா கலெக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். குப்பையைச் சேகரிக்கிறவன் என்று அர்த்தம். அவன் மனிதன் அல்ல. யந்திரத்துக்குள்ளேயே ஓடும் ஒரு புரோகிராம்.

இந்த வேலையாளைப் படைத்தவர் ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்கக் கணித மேதை. அவருடைய வாழ்க்கை படிக்கப் படிக்கச் சுவையானது.

தொழிலாளியின் மகன்

1927-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மெக்கார்த்தி பிறந்தார்.

தந்தை அயர்லாந்து நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர். தச்சு வேலை பார்த்தார், மீன் பிடித்தார், பிறகு தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து பாடுபட்டார். தாயார் லிதுவேனியாவில் இருந்து வந்த யூதப் பெண்மணி. இருவரும் பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுள்ளவர்கள்.

அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். வேலை தேடி ஊர் ஊராகக் குடும்பம் அலைந்தது. கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் பணம் இல்லை. ஆனால் புத்தகம் இருந்தது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டு விடை சொல்லும் ஒரு ரஷ்ய விஞ்ஞானப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பைச் சிறுவன் ஆவலோடு படித்தான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் நடத்தப்படும் கணிதப் பாடப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, ஆசிரியர் துணை இல்லாமல் தானாகவே படித்து முடித்தான். மற்றவர்களைவிட இரண்டு வருஷம் முன்னதாகவே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான்!

உடற்பயிற்சிக்கு மட்டம்

1944-ம் ஆண்டு, அதே கலிபோர்னியா கழகத்தில் மெக்கார்த்தி சேர்ந்தார். முதல் இரண்டு வருஷத்துக் கணிதப் பாடம் அவருக்குத் தேவைப்படவில்லை. நேரே மூன்றாம் வருஷப் பாடத்தில் உட்கார்ந்தார்.

கணக்கில் புலி. ஆனால் உடற்பயிற்சி வகுப்பு என்றால் அவருக்குப் பிடிக்காது. போகாமலே இருந்தார். அதற்காகக் கழகம் அவரை இடைநீக்கம் செய்தது!

பிறகு ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்தார். திரும்பி வந்து, 1948-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. ஜான் வான் நியூமன் என்ற பெரும் விஞ்ஞானி அதில் பேசினார். யந்திரங்களைப் பற்றிய அந்தப் பேச்சு இளைஞரின் மனத்தில் ஆழப் பதிந்தது.

மனிதனைப் போலச் சிந்திக்கும் யந்திரத்தைச் செய்ய முடியுமா? அன்று பிறந்த அந்தக் கேள்வி சாகும் வரையில் அவரை விடவில்லை.

1951-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பெயர் சூட்டு விழா

1955-ல் டார்ட்மத் கல்லூரியில் மெக்கார்த்தி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டே, இன்னும் மூன்று விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஒரு திட்டம் எழுதினார். சிந்திக்கும் யந்திரத்தைப் பற்றி ஒரு கோடைக் காலம் முழுவதும் கூடிப் பேச வேண்டும் என்பது திட்டம்.

அந்த ஆராய்ச்சிக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். அதுதான் "செயற்கை நுண்ணறிவு". இன்று பத்திரிகையைத் திறந்தால் தினமும் கண்ணில் படுகிற ஏ.ஐ. என்ற எழுத்துக்களின் பிறப்பிடம் அந்தத் திட்டம்தான்.

ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் 13,500 டாலர் கேட்டார்கள். கிடைத்தது 7,500 டாலர். கூட்டம் 1956-ம் ஆண்டு கோடையில் நடந்தது.

1958-ல் அவர் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறினார். அவருக்கும் நண்பர் மார்வின் மின்ஸ்கிக்கும் ஆராய்ச்சி நடத்த ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு புரோகிராம் எழுதுகிறவர்கள், ஒரு காரியதரிசி, அட்டையில் துளை போடும் ஒரு யந்திரம், ஆறு மாணவர்கள். அவ்வளவுதான் சேனை!

கணக்கில் வந்த சிக்கல்

அந்த 1958-ம் ஆண்டு கோடையில் ஐ.பி.எம். கம்பெனியில் அவர் சில மாதம் வேலை பார்த்தார். கால்குலஸ் கணக்கைக் கம்ப்யூட்டரே போட வேண்டும் என்று முயன்றார்.

பெரிய கணக்கைச் சின்னச் சின்னக் கணக்காகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் சேர்க்க வேண்டும். இதற்கான விதியை அழகாகச் சில வரிகளில் எழுதிவிட்டார்.

ஆனால் ஒரு தொல்லை. கடைக் கணக்கப்பிள்ளை கூட்டிக் கழித்துப் பார்க்கத் துண்டுக் காகிதங்களை உபயோகிப்பார் அல்லவா? அதுபோல் யந்திரமும் இடையிடையே பல துண்டு விடைகளை நினைவகத்தில் எழுதி வைத்தது. வேலை முடிந்த துண்டுகள் அப்படியே கிடந்தன. இடம் நிரம்பி வழிந்தது.

ஒவ்வொரு துண்டையும் இப்போது அழி, இப்போது அழி என்று புரோகிராமிலேயே எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் அழகான விதி அலங்கோலமாகிவிடும்.

அதில் ஆபத்தும் உண்டு. அழிக்க மறந்தால் இடம் வீணாகும். அவசரப்பட்டு அழித்துவிட்டாலோ, ஒருவர் குடியிருக்கும்போதே அந்த வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்ட கதை ஆகிவிடும்!

மனிதன் செய்ய வேண்டிய இந்தத் துப்புரவு வேலையை யந்திரமே செய்துகொண்டால் என்ன? மெக்கார்த்தி யோசித்தார்.

இரண்டு வழிகள்

எம்.ஐ.டி.க்கு வந்த பிறகு "லிஸ்ப்" என்ற புதிய கம்ப்யூட்டர் மொழியை அவர் உருவாக்கத் தொடங்கினார். துப்புரவுக்கு இரண்டு வழிகள் தென்பட்டன.

முதல் வழி, எண்ணிக்கை வைப்பது. ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனால் பொருள் குப்பை. 1960-ல் ஜார்ஜ் காலின்ஸ் என்பவர் இந்த வழியை வெளியிட்டார்.

இதில் ஒரு குறை உண்டு. பாழுங்கிணற்றில் விழுந்த இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அவர்களைத் தேட யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரையும் ஒருவர் பிடித்திருப்பதால் எண்ணிக்கை ஒன்று! பூஜ்யம் ஆகவே ஆகாது.

எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் எண்ணிக்கை எழுதி வைக்கச் சௌகரியமான இடமும் இல்லை. ஆகவே மெக்கார்த்தி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

வாசலில் ஒரு குறி

இரண்டாவது வழி இதுதான்.

இடம் தீர்ந்து போகும் வரையில் குப்பையைப் பற்றிக் கவலைப்படாதே. தீர்ந்ததும் வேலையை நிறுத்து. புரோகிராம் நேராகக் கையில் பிடித்திருக்கும் சில பொருள்களில் இருந்து புறப்படு. அங்கிருந்து எங்கெல்லாம் போக வழி இருக்கிறதோ, அங்கெல்லாம் போ. போன இடத்தில் எல்லாம் ஒரு குறி போடு.

பிறகு நினைவகம் முழுவதையும் ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை பார். குறி உள்ள இடத்தில் ஆள் இருக்கிறது. குறியை மட்டும் அழி. குறி இல்லாத இடம் காலி மனை, எடுத்துக்கொள்.

ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர்கள் வீட்டு வாசலில் எண் எழுதிவிட்டுப் போவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

குறியாக அவர் எதை உபயோகித்தார் தெரியுமா? வெறும் கழித்தல் குறி! ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் கூட்டல் அடையாளத்தைக் கழித்தலாக மாற்றினால் போதும்.

கிணற்றில் கைகோத்து நிற்கும் இருவரும் இந்த முறையை ஏமாற்ற முடியாது. வெளியே இருந்து அவர்களிடம் போக வழி இல்லை. ஆகவே குறி விழாது.

அந்தப் பட்டியல் வேலைக்கு அவர்களுக்குக் கிடைத்த காலி இடங்கள் சுமார் 15,000. ஒரு தடவை கூட்டிப் பெருக்கப் பல விநாடிகள் பிடித்தன. அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் டேனியல் எட்வர்ட்ஸ்.

1960-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மெக்கார்த்தியின் கட்டுரை வெளிவந்தது. ஆனால் அதில் குப்பை என்ற சொல்லே கிடையாது. "மீட்பு" என்று கௌரவமாக எழுதியிருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் குப்பை கூட்டுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சில் போட மட்டும் கூச்சம்!

சபையில் நடந்த கூத்து

லிஸ்ப் மொழியைத் தொழில் அதிபர்களுக்குக் காட்ட ஒரு நாள் ஏற்பாடு ஆயிற்று. நாலாவது மாடியில் விருந்தாளிகள். கீழே முதல் தளத்தில் கம்ப்யூட்டருடன் மெக்கார்த்தி. அவர் மைக்கில் பேசப் பேச, மேலே டெலிவிஷனில் அவர்கள் பார்த்தார்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தட்டெழுத்து யந்திரம் தானாகவே அடிக்கத் தொடங்கியது. குப்பைக்காரர் அழைக்கப்பட்டிருக்கிறார், அவரைப் பற்றிய சுவையான புள்ளி விவரங்கள் இதோ என்று அது ஒரு பக்கம் நிறைய அடித்துத் தள்ளியது. வேகமோ விநாடிக்குப் பத்து எழுத்து!

ஒத்திகை பார்த்தபோது குப்பைக்காரர் வரவில்லை. ஒத்திகையில் சேர்ந்த குப்பையை அப்படியே விட்டுவிட்டதால், சபையில் இடம் தீர்ந்துவிட்டது.

விருந்தாளிகளுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பைக்காரரைப் பற்றி அவர்களிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது!

ஸ்டான்போர்டு வாசம்

1959-ம் ஆண்டுத் தொடக்கத்திலேயே இன்னொரு யோசனையையும் அவர் எழுதினார். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை அது. 1961-ல், மின்சாரம் போலக் கம்ப்யூட்டர் சக்தியும் ஒரு நாள் வீட்டுக்கு வீடு விநியோகம் ஆகும் என்று பேசினார்.

1962-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு வந்தார். அங்கே செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக்கூடத்தை அமைத்து, 1980 வரையில் அதன் தலைவராக இருந்தார்.

1966-ல் ரஷ்யக் கம்ப்யூட்டருக்கும் அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கும் தந்தி மூலம் சதுரங்கப் போட்டி தொடங்கியது. அமெரிக்கத் தரப்பு மெக்கார்த்தியுடையது. நாலு ஆட்டம். இரண்டில் ரஷ்யா ஜெயித்தது, இரண்டு சமநிலை. தோல்விதான். ஆனாலும் அவர் சோர்ந்து போகவில்லை.

1971-ல், கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1988-ல் ஜப்பான் நாட்டின் கியோட்டோ பரிசும் வந்தது.

இமயமலையில் ஓர் இழப்பு

புகழுக்கு நடுவே ஒரு பேரிடி விழுந்தது.

அவருடைய இரண்டாவது மனைவி வீரா வாட்சன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். மலை ஏறுவதிலும் சூரர். 1978-ல் அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்று நேபாளத்தில் உள்ள அன்னபூர்ணா சிகரத்துக்குப் போயிற்று. அதில் வீராவும் ஒருவர்.

முதல் கோஷ்டி அக்டோபர் 15-ந் தேதி சிகரத்தை எட்டியது. இரண்டாவது கோஷ்டியாகக் கிளம்பிய இருவரில் ஒருவர் வீரா. இருவரும் சரிவில் விழுந்து உயிர் இழந்தார்கள். மெக்கார்த்திக்கு அப்போது வயது 51.

ஜன்னல்கள் வந்தன

அந்த 1970-களில், ஸ்டான்போர்டுக்குப் பக்கத்தில் பாலோ ஆல்டோ என்ற ஊரில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புதுமை நடந்தது. ஆலன் கே, டான் இங்கால்ஸ் முதலியவர்கள் திரையில் ஜன்னல்களைத் திறந்து காட்டினார்கள். அவர்களுடைய "ஸ்மால்டாக்" மொழியிலும் துப்புரவு தானாகவே நடந்தது.

1995-ல் ஜாவா வந்தது. 2002-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியின் சி ஷார்ப் வந்தது. ஆபீஸ் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரில் எல்லாம் மெக்கார்த்தியின் குப்பைக்காரர் புகுந்துவிட்டார்.

ஜன்னல் தன் பொத்தானைப் பிடித்திருக்கிறது. பொத்தானும் தன் ஜன்னலைப் பிடித்திருக்கிறது. கிணற்றில் கைகோத்த அதே கதை! எண்ணிக்கை மட்டும் வைத்தால் இரண்டும் போகாது. வழி பார்த்துக் குறி போடும் முறையிலோ இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

குப்பைக்காரர் இருக்கிறார், இனிக் கவலை இல்லை என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் காலையில் சுறுசுறுப்பாக ஓடிய புரோகிராம் சாயங்காலம் ஆமையாக நகர்ந்தது. சில சமயம் நின்றே போயிற்று.

காரணம் என்ன? இரண்டு காரணங்கள்.

சந்தாவும் குழாயும்

ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார். ஆனால் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தவில்லை. பத்திரிகை ஆபீஸ் பதிவேட்டில் அவர் விலாசம் அப்படியே இருக்கிறது. பையனும் தினமும் பத்திரிகை போட்டுவிட்டுப் போகிறான். பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் ஆள் இருப்பதாகவே தோன்றும்.

ஜன்னலும் இப்படித்தான். மணி மாறினால் எனக்குச் சொல், விலைப் பட்டியல் மாறினால் எனக்குச் சொல் என்று வேறொரு பொருளிடம் அது பெயர் கொடுத்து வைக்கிறது. நாம் ஜன்னலை மூடிவிடுகிறோம். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இருந்து ஜன்னலுக்கு வழி இருப்பதால், குப்பைக்காரர் வந்து பார்த்துக் குறி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

நூறு தடவை திறந்து மூடினால் நூறு ஜன்னல்கள் உள்ளே குவிந்து கிடக்கும்! குற்றம் குப்பைக்காரர் மேல் அல்ல. உயிருள்ள பொருளை அழிக்கக் கூடாது என்ற தர்மத்தை அவர் காப்பாற்றுகிறார்.

பரிகாரம், மூடும்போதே சந்தாவை நிறுத்துவது. அல்லது "வலுவற்ற பிடி" என்ற முறையைக் கையாளலாம். அந்தப் பிடியில் பெயர் பதிவாகும். ஆனால் குறி போடும்போது அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம், குழாய் இணைப்பு. வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்தாலும், குடிநீர்க் குழாய் இணைப்பை நகரசபையில் எழுதிக் கொடுத்துத்தானே ஒப்படைக்க வேண்டும்?

திரையில் தெரியும் ஜன்னலுக்கும் எழுத்துக்கும் தூரிகைக்கும் விண்டோஸ் அமைப்பு தனியாக ஒரு சீட்டுக் கொடுக்கிறது. சாதாரணமாக ஒரு புரோகிராமுக்கு, வரையும் சாதனங்களுக்காக 10,000 சீட்டுகள்தான். நினைவகம் குறைந்தால்தான் குப்பைக்காரர் வருவார். சீட்டு குறைவது அவர் கண்ணுக்குத் தெரியாது. நினைவகத்தில் ஏராளமாக இடம் இருக்கும். சீட்டு தீர்ந்து புரோகிராம் படுத்துவிடும்!

இதற்காகத்தான் ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் "டிஸ்போஸ்" என்ற கட்டளை இருக்கிறது. வேலை முடிந்தது, சீட்டைத் திருப்பிக் கொடு என்பது அதன் பொருள். வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். யந்திரம் தானே பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

கடைசிக் காலம்

2000-ம் ஆண்டின் முடிவில் மெக்கார்த்தி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். 2011-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, ஸ்டான்போர்டில் தம் வீட்டில் காலமானார். வயது 84.

மனிதனுக்குச் சமமாகச் சிந்திக்கும் யந்திரம் என்பது அவர் வாழ்நாள் கனவு. அவர் கண் மூடும் வரையில் அது கைகூடவில்லை. ஆனால் ஒரு கால்குலஸ் கணக்கில் வந்த சின்னச் சிக்கலுக்கு அவர் கண்ட பரிகாரம் உலகம் முழுவதும் பரவிவிட்டது. பாங்கிலும் ரயில் டிக்கெட் ஆபீசிலும், பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போனிலும் அந்தக் குப்பைக்காரர் இரவும் பகலும் கூட்டிக்கொண்டே இருக்கிறார்.

அவருக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வேண்டாத பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நீங்கள் விட்டால்தான் அவர் எடுக்க முடியும்!